தை வெள்ளியில் வாங்கிய வாடகை

சிங்கப்பூர் துறைமுகத்தில் இருபத்தொன்பது வருஷம் சரக்குக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். 1957இல் சீட்டுப் பணத்தையும் மனைவி ரத்தினம்மாவின் நகையையும் போட்டு, சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு மாடிவீடு வாங்கினேன். ஆள் குடியிருக்கும் வீடு என்பதால்தான் விலை என் கைக்கு எட்டியது. ஓய்வு பெறும்போது துறைமுகக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் குடியிருப்பவர்களைக் கிளப்பிவிட்டு நாங்கள் இருவரும் அங்கே போய்விடலாம் என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்ட மடையன் நான்.

வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்திருந்தவர் பாலகிருஷ்ணன். மாதம் இருபத்து நான்கு வெள்ளி கொடுப்பார். ஜப்பான் சண்டைக்கு முன்பு இருந்த வாடகை அது; ஒரு காசு கூட்டிக் கேட்கச் சட்டம் விடாது. அவரோ பலகை அடித்து ஒன்பது அறையாக்கி, உள்வாடகைக்கு விட்டுச் சவுகரியமாக இருந்தார். காலி செய்யச் சொன்னால், "பாக்கலாம்ணே" என்பார். இரண்டு வருஷமும் அதே 'பாக்கலாம்ணே'தான்.

கடைசியில் வக்கீல் சூசைநாதனிடம் போனேன்.

"ரிட்டையரானா உங்களுக்கு இருக்க வீடில்ல. அதைச் சொல்லிக் கேட்டா கோர்ட் குடுக்கும்," என்றார். "ஆனா நோட்டீஸ் கெடு முடிஞ்சப்புறம் வாடகை வாங்காதீங்க. வாங்கினா, அவரைத் தொடர்ந்து இருக்கச் சொன்ன மாதிரி ஆயிடும். நோட்டீஸ் செத்துச்சு லா."

தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் அனுப்பிய நோட்டீஸின் கெடு மார்கழியோடு முடிந்தது.

தை முதல் வெள்ளிக்கிழமை காலை, பாலகிருஷ்ணனின் மனைவி கண்மணி குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றாள். கையில் தாம்பாளம். வெற்றிலை, மஞ்சள், வாழைப்பழம், நடுவில் வாடகைப் பணம்.

"நல்ல நாளு. தட்டைத் திருப்பி அனுப்பிடாதீங்கண்ணே."

வக்கீல் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ரத்தினம்மாவுக்கும் சொல்லியிருந்தேன். ஆனால் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தை வெள்ளியில லட்சுமி வாசல் தேடி வந்திருக்கா. வேணாம்னு சொன்னா, போற வீட்டுல நாம வெளங்குவோமா?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அவள்மேல் பழி போட மாட்டேன். ரசீது எழுதாவிட்டால் வாடகை வாங்கியதாகாது என்று கிராணிப் புத்தி வேறு சொன்னது. ஏட்டில் ஏறாத மூட்டை வந்து சேராத மூட்டைதானே! இரண்டு கையாலும் வாங்கினேன். ரத்தினம்மா கண்மணிக்குக் குங்குமம் கொடுத்து அனுப்பினாள்.

பங்குனியில் வழக்கு. அவர்கள் வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தை மாசம் பணம் வாங்கினீங்களா?"

ரசீது கிடையாது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். கண்மணி பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றிலையோடு வாங்கியதை வாங்கவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"வாங்கினேன்," என்றேன்.

வழக்கு தள்ளுபடி. மறுபடி நோட்டீஸ், மறுபடி கேஸ், இரண்டு வருஷம் ஆகும் என்றார் சூசைநாதன். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய எனக்கு மிச்சமிருந்தது ஐந்து வாரம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் வெற்றிலை பாக்கு வைத்துச் செய்திருக்கிறேன்.

குவீன்ஸ்டவுனில் அரசாங்க வாடகை வீடு கிடைக்குமா என்று விசாரிக்கப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பாரத்தைப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல ஒரு வீடு இருக்கே," என்று திருப்பித் தந்தார். அவர்மேல் என்ன தப்பு?

குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்கும் வாரத்தில் பாலகிருஷ்ணன் வந்தார். நக்கல் எதுவும் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் பொறுக்க முடியவில்லை.

"மாடிப்படிக்குப் பின்னால ஒரு ரூம் காலியாவுதுண்ணே. எல்லாருக்கும் வாங்குற வாடகைதான், இருபத்தஞ்சு. உங்களுக்குன்னு கூட்டல."

முழு வீட்டுக்கும் அவர் எனக்குத் தருவதைவிட ஒரு வெள்ளி கூட. வேறு போக்கிடம் இல்லை. சரி என்றேன்.

ஜன்னல் இல்லாத அறை. பெட்டிகளை இறக்கிவிட்டு, ரத்தினம்மா முதல் காரியமாகப் பால் காய்ச்சப் போனாள். எவ்வளவு நேரமாகியும் வரவில்லை. சமையற்கட்டில் எட்டிப் பார்த்தேன். கண்மணி அவளிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அடுப்பு ரெண்டுதான். ஒங்க மொறை பதினொரு மணிக்கு. அதுக்கு முன்னால பத்த வெச்சா மத்தவங்க சண்டைக்கு வருவாங்க."

"சரிம்மா," என்றாள் ரத்தினம்மா. பால் செம்பைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் கடைசியாகப் போய் நின்றாள்.