எடுக்கலாம்

சிம்ரன் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினாள். செருகியிருந்த பென்டிரைவின் விளக்கு அணைந்து, ‘எடுக்கலாம்’ என்று தமிழில் வந்தது. அவள் உருவிக் கொடுத்ததை எதிரே நின்ற நெசவாளி கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏலவார்குழலிக்கு ஒரு தலையசைப்பு மட்டும்.

சின்ன காஞ்சிபுரத்தில் முருகேசன் நடத்தும் அந்தக் கடையில் பட்டுச்சேலைக் கரைகளைக் கணினியில் வரைபவள் குழலி. வரைந்ததைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போய்த் தறியின் ஜக்கார்டு பெட்டியில் செருகினால் கரை விழும். ஒருமுறை ஒருவர் அவசரத்தில் பாதியில் பிடுங்கிக்கொண்டு போய், கரை முழுக்கத் தலையில்லாத அன்னமாக நெய்துவிட்டு வந்து அழுதார். அன்றிலிருந்து குழலி ஒவ்வொன்றையும் மௌஸால் தேடி, சொடுக்கி, விளக்கு அணையும்வரை காத்திருந்து தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். அவள் கொடுத்த எதுவும் கெட்டதில்லை. கைராசி என்றார்கள். புதுக்கரை போடுவதென்றால் அவள் கையிலிருந்துதான் வாங்குவார்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிம்ரன், டிரைவை விடுவிக்கத் தானே ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். ஒரே வரி. குழலியிடம் நீண்ட கைகள் எல்லாம் சிம்ரனின் நாற்காலிப் பக்கம் மாறிவிட்டன. அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழலிக்கு முதலில் டீ ஊற்றிவிட்டுத்தான் தனக்கு ஊற்றிக்கொள்வாள். வெறுக்க ஒரு காரணம்கூடக் கொடுக்காத அந்தப் பெண்ணைப் பார்க்கப் பார்க்கக் குழலிக்கு நெஞ்சு காந்தியது.

ஐயம்பேட்டை தனசேகரனின் கரை ஏறி முடிந்திருந்தது. டீ வாங்க சிம்ரன் எழுந்து போனாள். குழலி அவள் கணினியில் தன் டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்து, அந்தக் கரையைப் பென்டிரைவிலிருந்தே நேராகத் திறந்தாள். அப்படித் திறந்தால் டிரைவ் விடுபடாது, திறக்கவே கூடாது என்று சிம்ரனுக்கு முதல்நாளே சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். சுருக்கிக் கீழே தள்ளிவிட்டு இடத்துக்கு வந்தாள். விரல் நுனி சில்லிட்டிருந்தது.

சிம்ரன் திரும்பி வந்து, குழலிக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தட்டினாள். ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று வந்தது. மறுபடி தட்டினாள். அதேதான்.

“இன்னாமா, உள்ள போனது வெளிய வராதா?” என்றார் தனசேகரன். “பொண்ணு கல்யாணத்துக்குப் பொடவ கேட்டுக்கினு இருக்கறாங்க. பேத்தி கல்யாணத்துக்குத்தான் குடுப்ப போலக்குது.”

“ஒரு நிமிசம்ணே.”

“குழலிம்மாவா இருந்தா இந்நேரம் நான் ஷேர் ஆட்டோல குந்தியிருப்பேன்.” அவர் கை பென்டிரைவை நோக்கி நீண்டது.

“தொடாதீங்கண்ணே!” சிம்ரன் உள்ளங்கையால் மறைத்தாள். முகம் சிவந்துவிட்டது.

குழலிக்கு உள்ளே தித்தித்தது. இன்னும் கொஞ்சம் பேசமாட்டாரா என்றிருந்தது.

சிம்ரன் வேறொரு வரி தட்டினாள். டிரைவைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று திரை சொன்னது. அந்தக் கடையில் குழலி ஒருத்தி மட்டுமே தொடும் சாஃப்ட்வேர். சிம்ரன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிக் குழலியைப் பார்த்தாள்.

குழலி டீயை உறிஞ்சினாள். சுட்டது.

“நான்தாண்ணே தப்பு பண்ணிட்டேன்,” என்றாள் சிம்ரன், கண்ணை அவளிடமிருந்து எடுக்காமலே. “ஃபைல மூடாம வுட்டுட்டேன்.” மூடினாள். தட்டினாள். விளக்கு அணைந்தது. எடுக்கலாம்.

எடுக்கப் போனவளைத் தனசேகரன் தடுத்தார். “நீ வேணாம்மா, கோச்சிக்காத. மொதல்லயே தடங்கலாப் பூட்ச்சி. குழலிம்மா, நீயே எடுத்துக் குடும்மா.”

சிம்ரன் நாற்காலியை ஓரமாக இழுத்து வழிவிட்டாள்.

குழலி எழுந்து வந்தாள். குனிந்து உருவினாள். இத்தனை நேரம் உள்ளே கிடந்ததில் அது சூடேறியிருந்தது. தனசேகரன் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திக்கொண்டு நின்றார். சிம்ரனின் கண்கள் அவள் கைமேல் இருந்தன. உள்ளங்கைக்குள் சூடு பரவிக்கொண்டிருக்க, மூடிய விரல்களைக் குழலியால் பிரிக்க முடியவில்லை.