முதுமையைப் போட்டுப் பார்த்தவன்

சிறைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவரை வீட்டிலும் 'வார்டர்' என்றுதான் சொல்வார்கள். பக்கவாதம் லேசாக வந்துவிட்டுப் போனதிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது எல்லாம் மருமகள் தலையில் விழுந்தது. மகன் லிஃப்ட் மெக்கானிக். வேலை விட்டு வந்தால் அப்பாவின் அறைப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான்.

"ஆஸ்பத்திரியில வீட்டு ஆளுங்களுக்கு வகுப்பு நடத்தறாங்க. வயசானா எப்படி இருக்கும்னு ஒரு உடுப்பு மாட்டிக் காட்டுவாங்களாம். மாமாவோட கஷ்டம் உங்களுக்கும் கொஞ்சம் புரியட்டும்" என்று மனைவி நச்சரித்துத்தான் அவனை அனுப்பிவைத்தாள்.

அங்கே அவனுக்கு எடை தைத்த சட்டையை மாட்டினார்கள். முழங்காலையும் முழங்கையையும் பட்டையால் இறுக்கினார்கள். காதுக்கு அடைப்பு, கைக்குத் தடித்த உறை, கண்ணுக்கு ஓரமெல்லாம் கறுப்படித்த மஞ்சள் கண்ணாடி. தரையில் விரித்திருந்த கறுப்பு மிதியடியைப் பார்த்து அவன் சட்டென்று நின்றான். அது பள்ளம் போலிருந்தது. யாரோ பக்கவாட்டிலிருந்து தோளைத் தொட்டபோது அலறிவிட்டான். கடைசியில் தாழ்வான சோபாவில் உட்காரவைத்துவிட்டு, பயிற்சி கொடுத்த பெண் வேண்டுமென்றே வெளியே போய்விட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தான். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றியபோது அவன் முகமெல்லாம் கண்ணீர். "இப்படி அழுதவங்கதான் வீட்டுல பெரியவங்களை நல்லா பாத்துப்பாங்க" என்றாள் அந்தப் பெண் மற்றவர்களிடம்.

அந்த வாரமே அவன் ஆளே மாறிப்போனான். அப்பாவின் மரநாற்காலியைத் தூக்கிவிட்டு, மெத்தென்று அமுங்கும் சோபா ஒன்றை வாங்கிப்போட்டான். குளியலறை வாசலில் வழுக்கக்கூடாதென்று கறுப்பு மிதியடி விரித்தான். சின்னச் சின்னப் பொத்தான் வைத்த புதுச்சட்டைகள் எடுத்தான். தினமும் சாயங்காலம் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, அப்பாவின் பக்கவாட்டில் உட்கார்ந்து மெதுவான குரலில் பேசினான். அவர் திடுக்கிட்டுத் திரும்பி எதையோ உளறுவார். "பாவம், மனுஷனுக்கு எல்லாம் குழம்பிப் போச்சு" என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்வான். மனைவிக்கு முதலில் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஒருநாள் மத்தியானம் வார்டர் குளியலறைக்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓரடி எடுத்துவைக்கவில்லை. நின்ற இடத்திலேயே வேட்டி நனைந்தது. மருமகள் அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். மிதியடியைச் சுருட்டி எடுத்தாள். அவர் நடந்து உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் கணவனிடம் கேட்டாள். அவன் மறைக்கவில்லை.

"அது அவருக்குக் குழி மாதிரி தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சது."

"தெரிஞ்சேவா போட்டீங்க?"

"எனக்கு ஆறு வயசு. படுக்கையை நனைச்சிட்டேன்னு மாடிப்படிக்குக் கீழ போட்டுப் பூட்டிடுவாரு. அழற சத்தம் கேட்டா கதவு திறக்காது. அங்க என்ன இருக்குன்னு ஒருநாள் அவரும் பாக்கட்டுமே." ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். "நான் அவர் மேல கை வெச்சிருக்கேனா? திட்டியிருக்கேனா?"

அவள் எழுந்துபோய் மிதியடியைக் குப்பையில் போட்டாள். மறுநாள் அதே இடத்தில் வேறொன்று கிடந்தது.

வார்டருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தலை துவட்டும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை எங்கயாவது ஹோம்ல விட்டுடும்மா. அவன் இல்லாத இடமா இருந்தா போதும்."

"உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க மாமா."

"உள்ள இருக்கறவன் சொல்ற புகாரை நான் ஒருநாளும் நம்பினதில்ல" என்றார் அவர். "என்னை மட்டும் யாரு நம்புவா?"

அவளே கணவனின் அக்காவுக்குப் போன் போட்டு வரவழைத்தாள். வார்டரின் துணிகளையெல்லாம் மடித்துக் கட்டில்மேல் வைத்தாள். அக்கா மேல் வார்டர் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. பெண்பிள்ளை என்று தலையில் தூக்கிவைத்துக்கொண்டு வளர்த்திருந்தார். நடப்பதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா கையைத் தட்டிச் சிரித்தாள்.

"மிதியடி போட்டது குத்தமா? சோபா வாங்கினது குத்தமா? பெத்தவருக்காக வகுப்புக்குப் போய் அழுதுட்டு வந்தவன்டி என் தம்பி. உனக்குப் பீ மூத்திரம் அள்ள அலுத்துப் போச்சுன்னு நேரா சொல்லேன்!"

மகன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருந்தது. அது பொய்க் கண்ணீராகத் தெரியவில்லை.

"அப்பா, நீங்களே சொல்லுங்க. ஹோமுக்குப் போறீங்களா?" அக்கா உரக்கக் கேட்டாள்.

வார்டர் வாயைத் திறந்தார். மகன் எழுந்து வந்து அவர் பக்கத்தில், அவர் கண்ணுக்கு எட்டாத பக்கத்தில், உட்கார்ந்து தோளில் கைபோட்டான். கிழவரின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. மருமகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"இங்கயே இருக்கேன்ம்மா. நல்லாத்தான் பாத்துக்கறான்."

"கேட்டியா?" என்றாள் அக்கா. கட்டில்மேல் இருந்த துணிகளை அள்ளிக்கொண்டுபோய், ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.