ஐந்து தடவை எழுதிய கட்டுரை

வேல்விழிக்கு எழுத வராதுன்னு காலேஜுக்கே தெரியும். ராமசுப்பு சார் அவ பேப்பரைத் திருப்பித் தரும்போதெல்லாம், இது கட்டுரையா, மளிகைச் சிட்டையான்னு கேட்டுத்தான் தருவார். வகுப்பே சிரிக்கும். அவளும் கூடச் சேர்ந்து சிரிச்சுட்டு, சாயங்காலம் ஊருக்குப் போகுத இளையரசனேந்தல் பஸ்ஸுல ஜன்னலைப் பாத்து உக்காந்துக்கிடுவா.

கடைசி செமஸ்டருக்கு சார் குடுத்த தலைப்பு, நம்ம வட்டாரத்து மழையும் விவசாயமும். இருபத்தஞ்சு இன்டர்னல் மார்க். இது போச்சுன்னா அரியர். அரியர் விழுந்தா இந்த வருசம் பி.எட். கிடையாது. அவளுக்கு ரோசம் வந்துட்டு. லைப்ரரியில நல்ல கட்டுரைகளா எடுத்து வச்சு, பத்தியை எப்படித் தொடங்குதாங்க, ஆதாரத்தை எங்கன வைக்காங்கன்னு பாத்தா. குருவிகுளம் பக்கம் காடுகாடா அலைஞ்சு, வெள்ளாமை பண்ணுத சம்சாரிகள்ட்ட கேட்டா. எழுதி, அடிச்சு, திரும்ப எழுதி, நாலாவது தடவை எழுதினதை காலேஜ் எதிர்க்க இருக்க பேச்சிராஜா அண்ணாச்சி கடையில டைப் அடிக்கக் குடுத்தா. பிரிண்ட்ல பாத்தா முடிவு சப்புன்னு இருந்துச்சு. அதை மட்டும் அஞ்சாவது தடவை மாத்தி எழுதி, புதன்கிழமை சார்ட்ட குடுத்தா.

டைப்பிங் கடை வழக்கம் தெரியுமுல்லா? ஒருத்தருக்கு அடிச்சது கம்ப்யூட்டர்லயே கிடக்கும். அடுத்தவன் வந்து மாடல் இருக்கான்னு கேட்டா, பேரை மட்டும் மாத்தி எடுத்துக் குடுத்துருவாங்க. அதைக் களவுன்னு யாரும் நெனைக்கிறதில்லை, உபகாரமாம். நல்ல உபகாரம், போங்க! வகுப்புல எப்பவும் முதல் மார்க் வாங்குத அபிஷேக், அப்படி வாங்கின இவ கட்டுரையைத் தன் பேர்ல ரெண்டு நாள் முந்தி, திங்கக்கிழமையே குடுத்துட்டான்.

சார் ரெண்டு கட்டுரையையும் மேஜையில பக்கத்துல பக்கத்துல வச்சு, அவளை மட்டும் கூப்பிட்டு, அபிஷேக்கோடதைப் பாத்து எழுதினியான்னு கேட்டார்.

அண்ணாச்சிட்ட ஓடினா. அவர் தலையில கை வச்சுக்கிட்டார், நெசமாவே வருத்தப்பட்டார். ஆனா காலேஜ் வேலையை நம்பித்தான் கடை ஓடுது, நான் அங்க வந்து சொல்ல முடியாதும்மான்னுட்டார். அபிஷேக் போனையே எடுக்கலை. கையால எழுதின பிரதிகளை எல்லாம் கொண்டுபோய் சார் முன்னால வச்சா. சார் ஒண்ணும் கெட்ட மனுசன் இல்லை. ஒவ்வொரு தாளாப் பொறுமையாத்தான் பொரட்டினார்.

"நடுநடுவே கோடு போட்டு அடிச்சுவிட்டா உன்னோடதாயிருமா? போன செமஸ்டர் பேப்பர் இந்தா இருக்கு. மூணே மாசத்துல ஒரு ஆளுக்கு இப்படி எழுத வருமா? நீயே சொல்லு."

என்னத்தைச் சொல்லுவா? பழையபடி அரைகுறையா எழுதியிருந்தா நம்பியிருப்பார். பாடுபட்டு நல்லா எழுதினதே குத்தமாப் போச்சு.

கடைசியில சாரே இரக்கப்பட்டார். பாத்து எழுதினது தப்புன்னு ஒரு மன்னிப்புக் கடிதம் குடு, பாஸ் மார்க் மட்டும் போடுதேன்னார். வெளிய பெஞ்சுல வந்து உக்காந்தா. செய்யாததைச் செஞ்சேன்னு எழுதணும். அரைமணி நேரம் பேனா நகரலை. அப்புறம் பி.எட்.டை நெனைச்சு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஒரு பக்கம் எழுதி நீட்டினா.

சார் வாசிச்சார். மறுபடியும் முதல்ல இருந்து வாசிச்சார். கண்ணாடியைக் கழட்டிட்டு அவளை நிமிர்ந்து பாத்தார்.

"இதை உனக்கு யாரு எழுதிக் குடுத்தா?"