மூடாத கதவும் சூடேறாத காரும்

ரைலியின் பழைய கார் அக்டோபரில் உயிரை விட்டது. பின்லாந்தின் வடக்கே, வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு ஊசி போடும் நர்ஸ் அவள். கார் இல்லாமல் கை ஒடிந்த மாதிரி இருந்தது. பனி விழுந்து ஏரியும் உறைந்தாயிற்று. வேறு கார் வந்தபாடில்லை. காரணம், கணவன் என்சியோ.

வாங்கத் தோதாக இரண்டு பழைய கார்கள் இருந்தன. இரண்டுக்கும் ஊரறிந்த கோளாறு. சாம்பல் நிறக் காரைக் கடுங்குளிரில் குறுந்தூரம் ஓட்டினால் எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் கலந்துவிடும்; ஹீட்டரும் சூடேறாது. சிவப்புக் காரில் ஓட்டுகிறவர் பக்கத்துப் பூட்டு உறைந்து, திறந்த கதவு மூடாது. என்சியோ தினமும் இணையத்தில் புகார்களைப் படித்துப் புதிதாகக் குழம்பினான்.

"எஞ்சின் போனா என்ன செய்வே?"

"அப்ப சிவப்பு."

"ஓட்டும்போது கதவு தொறந்துக்கிட்டா?"

"அப்ப சாம்பல்."

"அதான் சொல்றேனே, எஞ்சின்..."

"நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள என் பேஷன்ட் எல்லாம் போய்ச் சேர்ந்துருவாங்க."

மறுநாள் பஸ்ஸுக்காக விறைத்து நின்றபோது ரைலி தானே யோசித்தாள். அவள் ஓட்டமெல்லாம் குறுந்தூரம். எஞ்சின் சூடாகுமுன் அடுத்த வாசல் வந்துவிடும். சாம்பல் கார் அவளிடம் வந்தால் கெட்டே தீரும். கதவையாவது கையால் பிடிக்கலாம். யாரையும் கேட்காமல் சிவப்பை வாங்கி வந்தாள்.

ஜனவரியில் குளிர் மைனஸ் முப்பதுக்கு இறங்கியது. வண்டி உடனே கிளம்பியது, கதவுதான் மூடவில்லை. அடித்தாள், இழுத்தாள். வாசலில் காபியோடு நின்ற என்சியோ, "அப்பவே சொன்னேன்ல?" என்றான்.

"சொன்னே. பின்னாடி ஏறிக் கதவைப் பிடி."

"இன்னிக்கு எனக்கு லீவு."

"அதனாலதான் ஏறச் சொல்றேன்."

முதல் வீட்டுக் கிழவர் ஊனோ ஜன்னல் வழியே பார்த்தார். "உன் புருஷன் ஏன் கதவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்?"

"கதவுக்கு ஆள் வச்சிருக்கேன்," என்றாள் ரைலி, ஊசியை எடுத்தபடி.

மத்தியானத்துக்குள் என்சியோவின் தோள்பட்டை விட்டுப்போயிற்று. வழியில் ஒரு கடையில் கயிறு வாங்கி, கதவுக் கைப்பிடியைப் பக்கத்து சீட்டோடு இழுத்துக் கட்டினான். ஹீட்டர் நன்றாக அடித்தது. இருவரும் குல்லாயைக் கழற்றினார்கள்.

"சூடு பரவாயில்ல," என்றான்.

அடுத்த வாசலில் இறங்க ரைலி கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். அவன் போட்ட முடிச்சு அசையவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கியரைத் தாண்டி, மருந்துப் பையோடு மறுபக்கக் கதவு வழியாக ஊர்ந்து இறங்கினாள்.