நாற்பது பச்சை டிக்

சொல்லவே நாக்கூசுகிறது. கோபத்தை அடக்குவது எப்படி என்று அலுவலகங்களில் வகுப்பெடுப்பதுதான் என் பிழைப்பு. கோபப்படாத நாளுக்கு ஒரு பச்சை டிக் என்று வீட்டு ஃப்ரிட்ஜில் அட்டவணை ஒட்டியிருந்தேன். தொடர்ந்து நாற்பது டிக். அதைப் படம் பிடித்து வகுப்பில் காட்டிக் கைதட்டல் வேறு வாங்கிவிட்டேன், பெரிய ஞானி மாதிரி.

இன்று வகுப்பு ரத்தாகி, மத்தியானமே வீடு திரும்பினேன். மனைவியும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பது வாசலிலேயே கேட்டது. சாவியைத் திருப்பியதும் சிரிப்பு பட்டென்று நின்றது. உள்ளே, கொட்டிக் கிடந்த பாலை மகள் அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சிரிப்பை ஏம்மா நிறுத்திட்டே?" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் தலை நிமிரவில்லை.

"நாப்பத்தொண்ணாவது டிக் கெட்டுடக் கூடாதுல்லப்பா. நானும் அம்மாவும் எவ்வளவு கஷ்டப்பட்டுச் சேத்து வச்சிருக்கோம்."