மாஸ்டரைப் பகலுக்குப் பழக்கிய கதை

பேக்கரி மாஸ்டர் காலமெல்லாம் ராத்திரியில் முழித்துப் பகலில் தூங்கியவர். ஊர் எழுந்து பல் தேய்க்கும்போது கடையில் சூடாக ரொட்டி இருக்க வேண்டுமென்றால், யாராவது ஒருத்தர் ராத்திரி முழுக்க அடுப்படியில் வேகத்தானே வேண்டும்? அந்த ஒருத்தர் இவர். காலையில் வீட்டுக்கு வருவார், குளிப்பார், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் விழுவார். அப்புறம் பக்கத்தில் இடியே விழுந்தாலும் "யாரது?" என்று கேட்கமாட்டார்.

இதில் அவருக்கு இருந்த ஒரே குறை மகள் விஷயம்தான். பள்ளிக்கூடத்தில் அவள் நடித்த நாடகம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் பகலில் வைத்துத் தொலைத்தார்கள். ஒரு தடவை வீம்பாகப் போய் முன் வரிசையில் உட்கார்ந்தார். திரை தூக்கியதுதான் தெரியும். அவர் விட்ட குறட்டையில் மேடையில் நின்ற ராஜாவுக்கு வசனமே மறந்துபோனது. அன்று சாயங்காலம் அவர் எழுந்ததும், மகள் கட்டில் பக்கத்தில் நின்று ராஜா, மந்திரி, சேவகன் என்று எல்லா வேஷத்தையும் தானே போட்டு முழு நாடகத்தையும் நடித்துக் காட்டினாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் மாஸ்டருக்கு இன்றுவரை உறுத்துகிறது. நாலு திட்டு திட்டியிருந்தால் அன்றைக்கே ஜீரணமாகியிருக்கும்.

அந்த மகள் இப்போது கல்யாணமாகி உலகத்தின் அந்தப் பக்கம் இருக்கிறாள். இங்கே பகல் என்றால் அங்கே ராத்திரி. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி நீண்ட லீவு வாங்கி, மாஸ்டர் மனைவியோடு கிளம்பத் தயாரானபோது மகள் போனில் சொன்னாள்.

"அப்பா, வந்ததும் ரெண்டு நாள் எங்கயும் போக வேண்டாம், நல்லாத் தூங்குங்கன்னுதான் சொல்லணும். ஆனா வந்த மறுநாள் காலையில உங்க பேத்தி ஸ்கூல்ல நாடகம். முடிஞ்சா வாங்க. முடியலன்னா பரவாயில்ல."

அந்தப் "பரவாயில்ல" மாஸ்டரைக் குத்திவிட்டது.

"முடியலன்னாவா? கண்ணுக்குள்ள குச்சி வெச்சாவது முழிச்சிருந்து பாப்பேன்மா."

இந்த இடத்தில்தான் மச்சான் மூக்கை நுழைத்தார். மாஸ்டரம்மாவின் தம்பி. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை விமானம் ஏறியவர், அதுவும் கம்பெனி செலவில். இறங்கிய நாளிலிருந்து குடும்பத்தில் வானம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவர் வைத்ததுதான் சட்டம்.

"மாமா, ஜெட் லாக் சும்மா விடாது. நான் பட்டிருக்கேன்," என்றார். "பகல்ல தூங்கற உடம்பு உங்களது. அங்க போயும் பகல்ல தூங்கினா நாடகம் அம்போ. இப்பவே லீவப் போட்டுட்டு, ராத்திரி தூங்கி பகல்ல முழிச்சுப் பழகுங்க. நாலு மனுஷங்க மாதிரி."

எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்தக் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஐயோ, அப்புறம் நடந்த கொடுமையை என்ன சொல்ல! பகலில் மாஸ்டரின் கண் சொக்கும்போதெல்லாம் மச்சான் முகத்தில் தண்ணீரைத் தெளித்தார், மாடிப்படியில் ஏற்றி இறக்கினார். ராத்திரி அவர் எழுந்து மாவு பிசையப் போய்விடாமல் இருக்க, மாஸ்டரம்மா கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் காத்தாள். மாவு டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினாள். ராத்திரியெல்லாம் காவல் காத்தவள் பகலெல்லாம் சோபாவில் சுருண்டு கிடந்தாள். ஒருவழியாக, கிளம்பும் நாள் நெருங்கும்போது மாஸ்டர் ராத்திரி விளக்கை அணைத்ததும் குறட்டை விட்டு, காலையில் தானாக எழுந்து உட்கார ஆரம்பித்தார். மச்சானுக்குப் பெருமை பிடிபடவில்லை. வழியனுப்ப வந்த இடத்தில் கண்கூடக் கலங்கினார்.

போய் இறங்கியபோது அங்கே நடுப்பகல். மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மாஸ்டர் அவள் தோளிலேயே கண்ணை மூடினார். காரில் தூங்கினார். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி தூங்கினார். ஷூவைக் கழற்றக் குனிந்தவர் குனிந்த வாக்கிலேயே தூங்கினார். மாஸ்டரம்மாவோ பளிச்சென்று வீடு முழுக்கச் சுற்றி, மகளின் அலமாரிகளைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேத்தி தாத்தாவை உலுக்கி எழுப்பினாள். நடந்ததையெல்லாம் பாட்டியிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தாள்.

"தாத்தா, அங்க ராத்திரின்னா இங்க பகல்தானே?"

"ஆமாடா கண்ணு."

"அப்ப எப்பவும் போல அங்க ராத்திரி முழிச்சிட்டே வந்திருந்தா, இங்க பகல்ல தானா முழிச்சிருப்பீங்களே? எதுக்கு மாத்தினீங்க?"

திறந்திருந்த அலமாரி ஒன்று பட்டென்று மூடியது.

"என் தம்பி நல்ல மனசோடதான் சொன்னான்," என்று சொல்லிவிட்டு மாஸ்டரம்மா சமையலறைக்குள் நழுவினாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாஸ்டருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. உடம்பு அதுபாட்டுக்குச் சரியாக இருந்திருக்கிறது. அதை மாடிப்படி ஏறி இறங்கிக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். மறுபடியும் ஒரு நாடகம் போச்சே என்று மனசு அடித்துக்கொண்டது.

எதிர்பார்த்தபடியே, வீடு படுக்கிற நேரத்தில் அவருக்கு நன்றாக விடிந்துவிட்டது. மருமகன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். மகள் துணைக்கு வந்து உட்கார்ந்தாள். சின்ன வயசில் பேச முடியாமல் போனதையெல்லாம் இரண்டு பேரும் விடிய விடியப் பேசித் தீர்த்தார்கள்.

பள்ளிக்கூடம் அடுத்த தெருதான். காலையில் நடந்தே போனார்கள். நாடகம் பற்களைப் பற்றியது. பேத்திக்குச் சொத்தைப் பல் வேஷம். நாற்காலியில் உட்கார்ந்ததுமே மாஸ்டருக்குக் கண் சொருகியது. தொடையைக் கிள்ளிப் பார்த்தார், பலிக்கவில்லை. ஆனால் ஒன்று அவருக்குத் தெரியும். கையில் மாவு இருக்கும்வரை அவர் ஒருநாளும் தூங்கியதில்லை. பேத்தியிடம் கெஞ்சி வாங்கி வந்த விளையாட்டுக் களிமண்ணைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து, மடியில் வைத்துப் பிசைய ஆரம்பித்தார். அழுத்து, மடி, திருப்பு. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். உட்காரட்டுமே, யாருக்கென்ன! கண் திறந்திருந்தது.

சொத்தைப் பல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தது. பிரஷ் துரத்தியது. டாக்டர் கயிறு கட்டி இழுத்தார். முதல் இழுப்புக்கு அசையாமல் நின்று, இரண்டாவது இழுப்பில் பல் தொபுக்கென்று மல்லாந்தது. மாஸ்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "பாத்தியாம்மா!" என்று திரும்பினார்.

மகள் அவர் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி நல்ல தூக்கத்தில் இருந்தாள். குறட்டைகூட அப்படியே அவருடையதுதான்.

மாஸ்டரம்மா எழுப்பக் கை நீட்டினாள்.

"விடு," என்றார் மாஸ்டர். "பாவம், ராத்திரி டூட்டி பாத்த புள்ள."

கைதட்டல் சத்தத்தில்தான் அவள் திடுக்கிட்டு எழுந்தாள். "ஐயோ, முடிஞ்சிருச்சா? அப்பா, அவ வந்தாளா? நான் பாக்கவே இல்லையே!" கண் நிறைந்துவிட்டது.

மாஸ்டர் அவள் கையைப் பிடித்து வெளியே பள்ளிக்கூட வாசலுக்குக் கூட்டிவந்தார். கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தொந்தி குலுங்க நொண்டி நொண்டி வந்தார். பிரஷ்ஷாகித் துரத்தினார், டாக்டராகி இழுத்தார். வாசலில் நின்ற பெற்றோர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"அப்பா, எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் மகள், சிரிப்பும் அழுகையுமாக.

"அவங்க ஏற்கெனவே பாத்துட்டாங்க. நீ பாரு," என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் இரண்டாவது இழுப்பில் தொபுக்கென்று மல்லாந்தார்.