விளக்குப் பலகை

என் புருஷன் ஃபெஸ்டிக்குப் பொய் சொல்லவே வராது என்று நாற்பது வருஷமாக ஊர் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான். அந்தப் பெருமை உடைந்தது மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் வீட்டு வாசலில், படகு டிரெய்லருக்குப் பின்னால்.

மே மாதம் இரண்டு வாரம் எங்கள் ஊருக்கே கிறுக்குப் பிடிக்கும். ஏரிக்கு அடியிலிருந்து மே ஈ என்கிற சிறகுப் பூச்சி கூட்டமாகக் கிளம்பி மேலே வரும். டிரௌட் மீன்கள் அதைத் தின்ன மேலே வரும். மீன்களைப் பிடிக்க இங்கிலாந்துக்காரன், ஜெர்மன்காரன் என்று எவனெவனோ வருவான். அவர்களைப் படகில் கூட்டிப்போவதுதான் ஃபெஸ்டியின் தொழில். எங்கள் வீடு கோரிப் ஏரிக்கும் மாஸ்க் ஏரிக்கும் நடுவில். ஈ இன்றைக்கு இங்கே கிளம்பும், நாளைக்கு அங்கே. ஈ போகிற இடத்துக்குப் படகும் போயாக வேண்டும், காருக்குப் பின்னால் டிரெய்லரில். கார் ஓட்ட முடியாத படகோட்டியை எங்கள் பக்கத்தில் எவனும் கூப்பிடமாட்டான்.

டிரெய்லரை ரோட்டில் சும்மா இழுத்துப் போய்விட முடியாது. பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு, இரண்டு பிரேக் விளக்கு, இரண்டு சிக்னல், முக்கோணமாக இரண்டு சிவப்புப் பிரதிபலிப்பான், இழுக்கிற காரின் நம்பர், அந்த நம்பருக்கு ஒரு விளக்கு. இத்தனையும் இருக்க வேண்டும் என்பது சட்டம். எல்லாவற்றையும் ஒரே பலகையில் பொருத்தி வைத்திருப்போம். பலகையைப் படகின் வாலில் கட்டி, ஒயரை முன்னால் கொண்டுவந்து காரில் செருக வேண்டும். ஏரிக்குப் போனதும் பிளக்கைப் பிடுங்கிப் பலகையைக் கழற்றிவிடுவோம், தண்ணீருக்குள் இறங்கினால் பல்பு போச்சு. தினமும் காலையில் கிளம்பும் முன் ஒருவர் காரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்க, மற்றவர் பின்னால் நின்று கத்த வேண்டும். எங்கள் வீட்டில் அமுக்குவது அவன், கத்துவது நான். எனக்கு அது பொருத்தமான வேலை என்று ஊரில் சொல்வார்கள்.

அன்றைக்கு அவன் பலகைக் கயிற்றை இறுக்கிக்கொண்டு பின்னால் நின்றான். நான் சாண்ட்விச் பொட்டலத்தோடு வெளியே வந்தேன்.

"டிம்ப்னா, நான் இங்கதான இருக்கேன், நீயே ஏறி அமுக்கேன்," என்றான்.

ஏறி உட்கார்ந்தேன். "இடது!"

"எரியுது!"

"வலது!"

"எரியுது!"

"பிரேக்கு!"

"ரெண்டும் எரியுது. பிரமாதம், எறங்கு."

இறங்கிக் கேட்டைத் திறக்கப் போனபோது காலில் ஏதோ தட்டியது. குனிந்து பார்த்தேன். பிளக். ஒயரோடு தரையில் கிடந்தது.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் அவன் 'எரியுது' என்று கத்தியது உறைத்தது. திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு காலையும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டேன்.

"ஃபெஸ்டி, பிரேக்கை இன்னொரு தடவை பாத்துடு. இப்ப அமுக்கறேன்."

"எரியுதுடி. பளிச்சுனு எரியுது."

"யோவ், நான் எதையும் அமுக்கல. பிளக்கே தரையில கெடக்கு."

நான் எழுந்து பின்னால் போனேன். அவன் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வெயில் அடிச்சுது," என்றான். "வெயில்ல செவப்பு சரியா தெரியாது."

"எந்த வெயில்? மூணு நாளா சூரியனை எவன் பாத்தான் இந்த ஊர்ல?"

அவன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். அதுவாவது தெரிந்ததோ என்னவோ. அப்புறம் டிரெய்லர் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"பிப்ரவரியிலயே டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு கண்ணுலயும் புரை. ஆஸ்பத்திரியிலேர்ந்து லெட்டரும் வந்தாச்சு, ஆபரேசனுக்கு."

"எப்போ?"

"வியாழக்கிழமை."

"எந்த வியாழக்கிழமை?"

"இந்த வியாழக்கிழமைதான். விட்டா அடுத்த வருசம்தான் கெடைக்கும்."

"உனக்கு ஜூலையில எழுவது ஆகுது. லைசென்ஸ் புதுப்பிக்கணும்னா டாக்டர் கையெழுத்து வேணும். போடுவாரா அவரு?"

"போடமாட்டாரு."

"அப்புறம்?"

"மே ஈ கெளம்புற நேரத்துல படகை விட்டுட்டு எவன் ஆஸ்பத்திரிக்குப் போவான்? விடு டிம்ப்னா."

ஈயாவது மண்ணாங்கட்டியாவது. அவன் அப்பா ஒரு கண் கோளாறு என்று அதே ஆஸ்பத்திரிக்குப் போனவர். திரும்பி வந்து பதினோரு வருஷம் அடுப்பங்கரையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுத் தட்டைத் தடவித்தான் சாப்பிட்டார். ஃபெஸ்டிக்குப் பயம். புயல் காற்றில் மாஸ்க் ஏரியைக் கடந்து போனவனுக்கு வெறும் பயம். எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"போன வாரம் பள்ளிக்கூடம் விடுற நேரத்துல அந்த வழியா ஓட்டிக்கிட்டுப் போனியே, பாவி! புள்ளைங்க கும்பலா ரோட்டைக் கடந்துச்சே! யாருக்காவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா?"

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "மெதுவாத்தான் போனேன்," என்று முனகினான். காரில் தொங்கிய சாவியை நானே உருவிக்கொண்டேன்.

மாஸ்க் ஏரித் துறையில் ஹோல்ராய்டு என்கிற இங்கிலாந்துக்காரர் எட்டு மணியிலிருந்து காத்திருந்தார். பதினான்கு வருஷமாக ஃபெஸ்டியோடுதான் வருகிறார். போகாமல் இருக்க முடியாது. நான் கார் ஓட்டுவேன், ஆனால் பின்னால் பத்தொன்பது அடிப் படகோடு ஒருநாளும் ஓட்டியதில்லை. பிளக்கைச் செருகி, விளக்குகளை எரியவிட்டு, நானே இறங்கி இறங்கிப் பார்த்தேன். பிரேக் பெடலின் மேல் மட்டும் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் பின்னால் ஓடிப் பார்த்தேன். எரிந்தது.

நாற்சந்தியில் போலீஸ்காரி டலி நின்றிருந்தாள். மே மாதம் முழுக்க அவளுக்குப் படகு பிடிக்கிறதுதான் வேலை. கையைக் காட்டி நிறுத்தினாள்.

"காலை வணக்கம் மிசஸ் மன்னியன். நீங்களா ஓட்டறீங்க? இவருக்கு என்ன?"

அவனே சொல்லட்டும் என்று இருந்தேன்.

"முதுகு வலி," என்றான் ஃபெஸ்டி.

அவள் பின்னால் போய் நின்று என்னை ஒவ்வொன்றாக அமுக்கச் சொன்னாள். எல்லாம் எரிந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"லைட்டெல்லாம் சரிதான் மிசஸ் மன்னியன்," என்று ஜன்னல் பக்கம் வந்தாள். "ஆனா பலகையில இருக்கிறது எந்தக் காரோட நம்பர்?"

மார்ச் மாதம் நாங்கள் கார் மாற்றியிருந்தோம். பலகையில் பழைய காரின் நம்பர் அப்படியே இருந்தது. மே பிறந்ததிலிருந்து தினமும் காலையில் அந்தப் பலகைக்கு இரண்டடி தள்ளி நின்று கத்தியவள் நான். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

"நாளைக்குள்ள மாத்திடுங்க," என்றாள். "அடுத்த தடவை சும்மா விடமாட்டேன்."

கொஞ்ச தூரம் போனதும் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "கண்ணு நல்லா இருக்கிறவங்க பாத்துக்குவாங்கனு இருந்தேன்."

"வாயை மூடிக்கிட்டு வா. முதுகு வலியாம் முதுகு வலி!"

துறையில் ஏழெட்டுப் படகோட்டிகள் கூடியிருந்தார்கள். நடுவில் கோலி ஜாய்ஸ். அவனுக்கும் ஃபெஸ்டிக்கும் முப்பது வருஷப் போட்டி. மீன் பிடிக்க வருகிற இவன் ஆளை அவன் இழுப்பான், அவன் ஆளை இவன் இழுப்பான்.

"அடேய், மகாராணி ஓட்டிக்கிட்டு வர்றாங்கடா!" என்று கத்தினான் கோலி. "உயிர் மேல ஆசை இருக்கிறவன் எல்லாம் மரத்துல ஏறிக்கங்க!"

பிளக்கைப் பிடுங்கிப் பலகையைக் கழற்றி வைத்தேன். காரைப் பின்னோக்கி ஓட்டி டிரெய்லரைத் தண்ணீருக்குள் தள்ளுவது ஒரு விபரீதமான வேலை. அது இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும். முதல் தடவை படகு புதரைப் பார்த்து நின்றது. இரண்டாம் தடவை ஹோல்ராய்டைப் பார்த்து நின்றது, அவர் டீக் குடுவையோடு ஒதுங்கினார். ஆண்கள் எல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஃபெஸ்டிக்குப் பொறுக்கவில்லை. அவனே டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்று கையைக் காட்டினான்.

"வா, வா. நேரா வா. எடம் நெறைய இருக்கு."

கண்ணாடியில் அவன் கை தெரிந்தது. இறங்கு துறையின் வலது ஓரத்தில் தடுப்பு எதுவும் கிடையாது. அதைத் தாண்டினால் நாலடி ஆழத்தில் பாறை. ஓரம் எங்கே இருக்கிறதென்று என் இடத்திலிருந்து தெரியவில்லை, அவனுக்கும் தெரியாது. அவனுக்குக் கண் தெரியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டேன்.

"வாடி, இன்னும் நெறைய இருக்கு!"

நான் அசையவில்லை. எல்லார் முன்னாலும் போட்டுக்கொடுக்கவும் எனக்கு மனசு வரவில்லை. தலையை வெளியே நீட்டி, "ஃபெஸ்டி, நெசமாவா?" என்று மட்டும் கேட்டேன்.

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. அவன் கை அப்படியே நின்றது. ஓரம் இருக்க வேண்டிய பக்கம் குனிந்து பார்த்தான். ஒரு காலை நீட்டித் தரையைத் தடவிப் பார்த்தான். அதை எல்லாரும் பார்த்தார்கள். கையைக் கீழே போட்டான்.

"கோலி," என்றான். "நீ வந்து நின்னு அவளுக்குச் சொல்லு. எனக்குக் கண்ணு தெரியல."

கோலி கையிலிருந்த சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு வந்தான்.

"சக்கரத்துக்கும் ஓரத்துக்கும் ஒரு சாண்தான்யா இருந்துச்சு," என்று மெதுவாகச் சொன்னான். "எத்தனை நாளா?"

"குளிர்காலத்துலேர்ந்து. புரையாம். வியாழக்கிழமை அறுக்க வரச் சொல்லியிருக்காங்க. நான் போறதா இல்ல."

கோலி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான், ஏரியைப் பார்த்தான், பின்கழுத்தைச் சொறிந்தான்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால பாஸ்டன்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன்னு சொன்னேன்ல? பாஸ்டனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அதே ஆஸ்பத்திரியில ரெண்டு கண்ணும் பண்ணிக்கிட்டு, அக்கா மக வீட்டுல சொட்டு மருந்து விட்டுக்கிட்டுக் கெடந்தேன்."

"அட திருட்டுப் பயலே!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "பாஸ்டன்ல ஆளுயரம் பனி கொட்டுச்சுனு ரெண்டு மாசம் கதை விட்டியேடா!"

சிரிப்பில் துறையே அதிர்ந்தது. ஃபெஸ்டி மட்டும் சிரிக்கவில்லை. கோலியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். எல்லார் காதிலும் விழும்படி, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான்.

"வலிச்சுதா?"

கோலி சிரிப்பை நிறுத்தினான். "இல்லய்யா. சத்தியமா இல்ல. ஒரு அரைமணி நேரம் மல்லாந்து படுத்திருந்தேன், நர்ஸம்மா கையைப் புடிச்சுக்கிட்டு இருந்தாங்க. மறுநாள் கட்டைப் பிரிச்சதும் சுவத்துல இருந்த கடிகாரத்துல மணி பாத்தேன். அழுதுட்டேன். அதைப் போய் இவனுங்ககிட்ட எப்படிய்யா சொல்றது?"

ஃபெஸ்டி சட்டைக் கையை விடவில்லை. அப்புறம் ஹோல்ராய்டு நின்ற பக்கம் தோராயமாகத் தலையை ஆட்டினான்.

"என் ஆளை நீ கூட்டிக்கிட்டுப் போ. இன்னிக்கும், மிச்ச நாளும்."

முப்பது வருஷத்தில் ஒருவருக்கொருவர் ஒரு புழுவைக்கூடக் கொடுத்துக்கொண்டவர்கள் இல்லை அவர்கள்.

ஃபெஸ்டி ஒரு கையால் டிரெய்லரைத் தொட்டுக்கொண்டே, அதன் ஓரமாகவே நடந்து வந்து என் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றான்.

"வியாழக்கிழமை காலையில எட்டு மணிக்கு அங்க இருக்கணும். நீதான் ஓட்டணும், டிம்ப்னா."

திட்டுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன். எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

"ஏறி உக்காருய்யா," என்றேன்.